மௌன அட்டை

சத்சங்கத்தில் தமயந்தி எழுந்து, "சுவாமிஜி, நீங்க எடுக்கற முடிவு தப்பா இருந்தா அதை உங்ககிட்ட யார் சொல்லணும்?" என்று கேட்டாள். சுவாமிஜி கோபப்படவில்லை. "நல்ல கேள்விம்மா. கொஞ்ச காலம் மௌனத்துல இரு. பதில் உள்ளேருந்தே வரும்" என்று சொல்லி, ஆசிரமத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த அந்த அட்டையைத் தம் கையாலேயே அவள் கழுத்தில் மாட்டினார். 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மரியாதை கூடிப்போயிற்று. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். முதல் பந்தியில் இடம் கிடைத்தது. ஒருநாள் சாம்பாரில் உப்பே இல்லை. தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். பரிமாறியவள் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். தமயந்தி உப்பில்லாமலே சாப்பிட்டாள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் சத்சங்கத்தில் எழுந்தார். "சாமி, நீங்க ஒண்ணு தப்பா செஞ்சிட்டா அதை யாருங்க சொல்றது?"

"நல்ல கேள்வி" என்றார் சுவாமிஜி.

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்குள் தமயந்தியின் கைகள் அட்டையைக் கழற்றிவிட்டிருந்தன. எழுந்துபோய் கண்டக்டரின் கழுத்தில் மாட்டினாள். காலரில் சிக்கிய கயிற்றை இழுத்துச் சரிசெய்தாள்.

"பதில் உள்ளேருந்தே வரும்" என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

"உங்களுக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்கத்தான் கண்டக்டர் வாயெடுத்திருக்க வேண்டும். குனிந்து அட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.