இருபத்தஞ்சுக்கு மேல போகாது

செத்தவனின் வண்டி இந்தப் புதன்கிழமையும் கடை வாசலில் வந்து நின்றது.

சவுரிராயன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். உச்சி வெயில். நீல நிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர். நம்பர் பிளேட் கிடையாது. ஹேண்டிலைப் பிடித்தபடி கவிதா நின்றிருந்தாள்.

“எவ்ளோ வேகம் போவுதுன்னு இன்னொரு தபா பாருங்கண்ணே.”

“போன வாரந்தானேம்மா பார்த்தேன்? அதுக்கு முந்தின வாரமும் பார்த்தேன். இதென்னா பிரஷரா, சுகரா, வாராவாரம் ஏறி எறங்க?”

அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன், கோலியனூரிலிருந்து விழுப்புரம் போகும் வழியில், அவள் புருஷன் பூவரசன் இந்த வண்டியிலிருந்து விழுந்து இறந்துபோனான். ‘கணவர் பலி, உடன் சென்ற மனைவி காயம்’ என்று பேப்பரில் நாலு வரி வந்தது. காரியம் முடிந்ததும் கவிதா திண்டிவனத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். ஆனால் புதன் தவறாமல் பஸ் ஏறி வருகிறாள். மாமியார் வீட்டில் நிற்கும் வண்டியை, ஏறி ஓட்டாமல், இந்தக் கடைவரை தள்ளிக்கொண்டே வருகிறாள்.

சவுரிராயன் சென்டர் ஸ்டாண்டு போட்டார். சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினார். பின்சக்கரம் இரைந்து சுழன்றது. அந்த இரைச்சலுக்குள் பூவரசன் சிரிப்பது போல இருந்தது அவருக்கு. மீட்டர் இருபத்தைந்தில் வந்து நின்றது.

“பாரு. இருபத்தஞ்சுக்கு மேல போகாது. இருநூத்தம்பது வாட்ஸ் மோட்டாரு. அதனாலதான் லைசென்ஸ் வேணாம், நம்பர் வேணாம்னு கவர்மெண்டே உட்டுட்டான்.”

“அன்னைக்குப் போச்சுண்ணே.” கவிதாவின் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. “லேசா முறுக்கினதுதான். யாரோ புடிச்சித் தள்ளினாப்ல பறந்துச்சு.”

“பயத்துல அப்டி தோணியிருக்கும்மா.”

“எங்க மாமியாளும் அதான் சொல்றாங்க. ‘சைக்கிள் வேகத்துல போற வண்டியில உழுந்து எவனாச்சும் சாவானாடி? உன் ராசிதான் எம்புள்ளய முழுங்கிடுச்சு’ன்னு. போலீஸ் குடுத்த பேப்பர்லயும் வண்டியில கோளாறு இல்லன்னுதான் போட்டிருக்கு. அப்ப கோளாறு யாராண்டண்ணே இருந்துச்சு?”

சவுரிராயன் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாவதற்கு முதல் நாள் பூவரசன் இதே இடத்தில்தான் நின்றான். “சைக்கிள்காரன்கூட என்னை முந்திக்கினு போறான்ணே. பேஜாரா இருக்குது. ஸ்பீடு லாக்கை எடுத்து உடுங்க. வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க, கத்துவா.”

ஸ்டிக்கரில்தான் இருநூற்றைம்பது வாட்ஸ். உள்ளே இருப்பது அதைவிடப் பெரிய மோட்டார் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை ஒயர்தான் அதைக் கட்டி வைத்திருக்கிறது. ஒரே வெட்டு. வண்டி ஐம்பதைத் தொட்டது. இப்படி எத்தனையோ வண்டிக்கு வெட்டிவிட்டிருக்கிறார். ஒருவரும் சாகவில்லை, பூவரசனைத் தவிர.

விபத்துக்குப் பிறகு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டேஷனுக்கு இவரையே கூப்பிட்டார்கள். பேட்டரியைப் பார்க்கிற சாக்கில் ஒயரை ஒட்டுப்போட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டார். அப்புறம் யார் சோதித்தாலும் இருபத்தைந்துதான்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறார். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் அன்றிலிருந்து போவதில்லை.

“இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேண்ணே,” என்றாள் கவிதா. “நாளைக்கு வண்டிய காயலான் கடையில போடப்போறாங்க. அதான் கடைசியா கேக்கறேன். அவரு இதுல எதுனா பண்ணச் சொன்னாரா?”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வண்டி உடைந்து தகரமாகிவிடும். ஒயரும் போகும். புதன்கிழமைதோறும் வந்து நிற்கும் இந்த முகமும் போகும்.

சவுரிராயன் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை.

சீட்டைத் தூக்கினார். கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தார்.

“நான்தாம்மா வெட்டினேன். அன்னைக்கு இது அம்பதுல போற வண்டி. ஒட்டுப்போட்டு மறைச்சதும் நான்தான். வா, ஸ்டேஷனுக்குப் போவோம். நானே சொல்றேன்.”

அறை விழும், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை.

கவிதா குனிந்து அந்த ஒட்டைத் தொட்டுப் பார்த்தாள். “அம்பதா? நெஜமாவாண்ணே?”

“மாதா சத்தியமா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்த அழுகை உடைந்து வந்தது. அழுதுகொண்டே அவரைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

சவுரிராயன் பதறிப்போய்ப் பின்வாங்கினார். “இன்னாம்மா இது? உன் புருஷனைக் கொன்னவனைப் போய்க் கும்புடற?”

“அன்னைக்கு அவரு பின்னாடிதாண்ணே உக்காந்திருந்தாரு.”