பதினாலாம் நம்பர்

முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு படியேறி வந்த டுன்யாவைப் பார்த்ததும், ஸ்லாவிட்சா கதவைப் பாதி சாத்தினாள்.

"என்னடி அது? பரிசு சுத்தற தாள் தெரியுது? குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு சாக்ஸ்கூட இந்த வாசல் தாண்டக் கூடாது. தெரியாதா உனக்கு?"

டுன்யா அகலமான, தட்டையான அந்தப் பொட்டலத்தை வெளிச்சுவரில் சாய்த்தாள். 'ணங்'கென்றது. வெறுங்கையோடு உள்ளே வந்தாள்.

டுன்யா உள்ளூர் ஹாண்ட்பால் அணியின் கேப்டன். ஸ்லாவிட்சா அதே அணியில் பதினோரு வருடம் எதிரணித் தடுப்பாட்டக்காரிகளின் நடுவில் நின்று அடி வாங்கியவள். மிச்சம், இரண்டு முறை அறுத்துத் தைத்த இடது முட்டியும் அடிக்கடி நழுவும் தோளும்தான். இப்போது ஏழு மாத வயிறும் அந்த முட்டியின் மேல் பாரமாக இறங்கியிருந்தது.

வலிக்குக் கைவைத்தியமாக, பிளம் சாராயத்தில் நனைத்த முட்டைக்கோஸ் இலைகளை முட்டியில் வைத்துக் கட்டியிருந்தாள்.

"வீடே நாறுதே. வயித்துப் பிள்ளையோட குடிக்கிறியாடி?"

"நான் குடிக்கலை. முட்டி குடிக்குது."

டுன்யா சிரிக்கவில்லை. "டாக்டர் என்ன சொல்றார்?"

"பிரசவத்துக்காக உடம்பு தானா இளகிக் கொடுக்குதாம். பழைய காயமும் கூடச் சேர்ந்து இளகுது. பெத்ததும் எல்லாம் இறுகிடும்."

"இறுகிடும்னாரா?"

"இறுகலாம்னார்."

ஸ்லாவிட்சா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு கிலோ உப்புப் பையைக் கணுக்காலில் கட்டி, காலை நீட்டித் தூக்கினாள். தினமும் பன்னிரண்டு முறை. ஆறாவதில் தொடை நடுங்கியது. ஒன்பதாவதில் முகம் சாம்பலாகி, கால் தொப்பென்று விழுந்தது.

"நேத்து பன்னிரண்டும் செஞ்சேன்" என்றாள். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

"லிஃப்ட் இல்லாம எப்படிடி இறங்கறே?"

"பின்பக்கமா. நாலு மாடியும் கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. கீழ் வீட்டுக்காரி நான் மேல ஏறறேன்னு நினைச்சு, மேல போற வரைக்கும் காத்திருக்கா பாவம்."

பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் களத்துக்கு வந்தவள் ஸ்லாவிட்சா. வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

"பெத்து முடிச்சு பிப்ரவரியில நான் களத்துல இருப்பேன், பாரு. நம்ம ராட்கா ஆட்டத்தை விடும்போது அவளுக்கு நாப்பது வயசு. நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அவ ஜெர்சியைக் கண்ணாடிச் சட்டத்துல மாட்டிக் கொடுத்து வழியனுப்பினோமே, அன்னிக்குக்கூட உன்னைவிட வேகமா ஓடினா. எனக்கு முப்பத்தொண்ணுதான்."

டுன்யா காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என் பதினாலாம் நம்பர் ஜெர்சியைப் புதுசா வந்தவ யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டாங்களா?" இதைக் கேட்கத்தான் ஸ்லாவிட்சா காலையிலிருந்து காத்திருந்தாள்.

"இல்ல. அதை இனி யாருக்கும் தர மாட்டாங்க."

"அலமாரியில கசங்கிக் கிடக்குமே."

"துவைச்சு இஸ்திரி போட்டாச்சு. நானேதான் போட்டேன்."

"நீயா? பந்தையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது உனக்கு. இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சியாக்கும்!" ஸ்லாவிட்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு முட்டி வலி மறந்துபோயிருந்தது.

டுன்யா பாதிக் காப்பியோடு எழுந்தாள். வெளியே போய்ப் பொட்டலத்தைத் தூக்கினாள். ஆனால் படியிறங்காமல் அங்கேயே நின்றாள்.

"கொண்டு போடி. பிறந்தப்புறம் எடுத்துட்டு வா. என் பிள்ளை மேல கண்ணு பட்டுடப் போகுது."

டுன்யா இரண்டு கைகளாலும் அதை வாசலுக்கு இந்தப் பக்கம் நீட்டினாள்.

"இது குழந்தைக்கு இல்ல, ஸ்லாவா. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."