தொட்டி வாயில் நின்றவன்

கம்பியில் சுற்றியிருந்த செய்தித்தாள் இன்னும் முழுசாகக் கிழியவில்லை. அதற்குள் அந்தக் கம்பி இரண்டு பேரைப் படுக்க வைத்துவிட்டது. மூன்றாவதாக ஓடி வந்த ஃபிட்டருக்கு முழங்கைக்குக் கீழே விழுந்தது அடி. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"கிட்ட வந்தா மண்டையப் பொளந்துடுவேன்" என்றான் கம்பிக்காரன். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் டை. படித்தவன் போலத்தான் இருந்தான். முகம் மட்டும் கொலைகாரன் முகம்.

அவன் முதுகுக்குப் பின்னால் லாரி நீளத்துக்கு ஒரு எவர்சில்வர் தொட்டி படுத்துக் கிடந்தது. அதன் முனையில் ஆள் நுழைகிற வட்ட ஓட்டை. அதற்குள்ளே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஃபிட்டரின் அண்ணன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். அந்தப் பட்டறைக்கு அவன்தான் ஃபோர்மேன். வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனவன், கூப்பிட்ட குரலுக்குப் பதில் தரவில்லை.

கம்பிக்காரன் ஒரு கையால் கம்பியைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் ஒரு ரப்பர் குழாயை ஓட்டைக்குள் திணித்தான். குழாய் உஸ்ஸென்று சீறியது. ஃபிட்டருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஏதோ விஷ வாயுவை விட்டு அண்ணனைக் கொல்கிறான் பாவி.

அண்ணனுக்கு எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. கை நீட்டாமல் அவனுக்கு வேலை வாங்கத் தெரியாது. அவனிடம் அறை வாங்காத கன்னம் அந்தப் பட்டறையில் முதலாளியுடையது ஒன்றுதான். ஆனாலும் அண்ணன் அண்ணன்தான். அப்பா போன பிறகு சோறு போட்டு வளர்த்தவன்.

"டேய், அது எங்க அண்ணன்டா. விடுடா." ஃபிட்டர் ஒற்றைக் கையோடு மறுபடி பாய்ந்தான். இந்த முறை அடி தோளில். விழுந்தவன் தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டு சதை பிய்கிற மாதிரி கடித்தான். ஒரு வெல்டர் பக்கவாட்டில் வந்து ஸ்பானரால் மண்டையில் போட்டான். ரத்தம் கண்ணில் வழிய வழிய, கம்பிக்காரன் ஓட்டையை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றானே தவிர நகரவில்லை.

"முட்டாப் பசங்களா, முதல்ல அந்த சிலிண்டர மூடுங்கடா" என்று கத்தினான். "வெல்டிங் கறுக்காம இருக்கணும்னு உள்ள ஆர்கான் கேஸ் விட்டிருக்கீங்க. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரெண்டு மூச்சு இழுத்தா ஆள் காலி. தூக்கப் போறவனும் பக்கத்துலயே படுத்துடுவான். நான் விடறது காத்துடா, கம்ப்ரஸர் காத்து."

சத்தம் கேட்டு மாடி ஆபீஸிலிருந்து முதலாளி தடதடவென்று இறங்கி வந்தார். குழாய் எங்கே போகிறது என்று பார்த்தார். கம்ப்ரஸருக்குத்தான் போனது. ஓடிப்போய் சிலிண்டரை அவரே மூடினார்.

"யாரும் இறங்காதீங்க. அவன் இடுப்பு பெல்ட்டுல கொக்கியப் போட்டு இழுங்க" என்றான் கம்பிக்காரன்.

இழுத்துப் போட்டார்கள். அண்ணன் முகம் நீலம் பாரித்திருந்தது. கம்பிக்காரன் அவன் வாயில் வாய் வைத்து ஊதினான், இரண்டு கையாலும் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அழுத்தினான், மறுபடி ஊதினான். விலா எலும்பு ஒன்று மளுக்கென்றது. கடைசியில் அண்ணன் இருமி, வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்தான்.

ஃபிட்டர் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "வாயால சொல்லியிருக்கலாமேங்க. அதுக்குள்ள இப்படி அடிச்சுட்டீங்களே."

"அண்ணன் உள்ள கிடக்கறப்ப எந்தத் தம்பிக்குக் காது கேக்கும்?" என்றான் அவன்.

முதலாளி தரையில் சிதறிக் கிடந்த அவன் சான்றிதழ்களைப் பொறுக்கிப் பார்த்தார். "வெல்டிங் இஞ்சினியர் இன்டர்வியூவுக்கா வந்தீங்க? மேல ஒரு கூட்டமே உக்காந்திருக்கு. இவ்வளவு சத்தத்துக்கும் ஒருத்தனும் எந்திரிக்கல." பிறகு தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "முன்னாடி இருந்த இஞ்சினியரும் இந்த மாதிரி ஒரு தொட்டிக்குள்ளதான் போய்ச் சேர்ந்தாரு. மாரடைப்புன்னுல்ல நினைச்சோம்."

ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டான். ஃபேன் வைக்காமல் இறங்க மாட்டேன் என்று அந்த இஞ்சினியர் அன்று எவ்வளவோ சொன்னார். பயந்தாங்கொள்ளி என்று திட்டி, கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியவன் அண்ணன். பட்டறையே பார்த்தது. முதலாளியிடம் மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்து, காப்பாற்றியவனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தம்பி, நீங்க எனக்கு சாமி மாதிரி."

"இனிமே என்னப்பா இன்டர்வியூ" என்றார் முதலாளி. "வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே வந்துடுங்க."

அவன் கைகளை வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

"நான் வேலைக்கு வரல சார். செத்துப்போன இஞ்சினியர் என் கூடப் பொறந்தவரு. இவனக் கொல்ல வந்தேன்."