குடை ஃபேக்டரியில் ஒரு கதவு

"ஏண்டா, சுவரு எங்கடா?"

ஊரிலிருந்து வந்த அம்மா, கையில் இருந்த பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். மகன் ஆர்கிடெக்ட். இடித்துத் தள்ள நாள் குறித்திருந்த பழைய குடை ஃபேக்டரியை நாயாய் அலைந்து காப்பாற்றி, மாடி மாடியாக வீடுகளாய் மாற்றிக்கொண்டிருந்தான். மூன்றாவது மாடியில் முதல் வீடு தயாரானதும் தானே மனைவியோடு குடிவந்துவிட்டான்.

வீடு என்றால் ஒரே ஒரு பெரிய ஹால். பூசாத செங்கல், இரும்புத் தூண்கள், இரண்டு ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள். சமைப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் அங்கேயேதான். வாசலை விட்டால், கதவு என்று இருந்தது குளியலறைக்கு மட்டும்.

சுவர் இல்லாததுதான் இதற்கு அழகே என்று மகன் பெருமையோடு விளக்கினான். அம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஜெனரல் வார்டு மாதிரி இருக்கு" என்றாள்.

மகனுக்குச் சுருக்கென்றது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மற்ற மாடிகளில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு இதுதான் மாதிரி வீடு. தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், ஜன்னலடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், கிளம்ப மனசே இல்லாமல் கிளம்புவார்கள். அத்தனை பேருக்கும் காபி போடுவது மருமகள் வேலை.

மருமகள் வக்கீல். நீதிபதித் தேர்வு இரண்டு தடவையும் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போயிருந்தது. இந்தத் தடவையும் விட்டால் வயது தாண்டிவிடும், அவ்வளவுதான். இப்படிக் காற்றும் வெளிச்சமும் கொட்டுகிற வீட்டில் படித்தால் யார்தான் தேறமாட்டார்கள் என்று வந்தவர்கள் சொல்ல, மகன் பூரித்துப் போவான். ஆனாலும் அம்மணி படிக்கிற மாதிரி தெரியவில்லை, குளிக்கப் போனால்தான் மணிக்கணக்காகிறது என்று மனைவியைக் கேலி வேறு செய்வான்.

மருமகள் சிரித்து மழுப்பினாள். அம்மா சிரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்த மருமகள் கொடியில் போட்ட துண்டை அம்மா எடுத்து, மடித்து அலமாரியில் வைத்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள். தனக்குத் தனி ரூம் வேண்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். அதுவும் அந்த மூலையில், பெரிய ஜன்னலை ஒட்டி.

மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு உயிரே அந்த மூலைதான். ஒரு பத்திரிகையிலிருந்து அட்டைப் படம் எடுக்க வரப்போவதே அந்த மூலைக்காகத்தான். திரை போட்டுத் தருகிறேன் என்றான். அலமாரி வைத்து மறைத்துத் தருகிறேன் என்றான். சத்தம் கேட்கும், சுவர்தான் வேண்டும், கதவுதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

வேலைக்கு வந்த கொத்தனாருக்கே மனசு கேட்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த வீட்டில் இந்த அம்மா மண்ணள்ளிப் போட்டுவிட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டே செங்கல் அடுக்கினார். வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகளும் போனில் திட்டினாள். வயசானால் இப்படியா ஆட்டிவைப்பது என்றாள். அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுவர் எழுந்தது. கதவும் வந்தது. ஆனால் அம்மா என்னவோ ஹால் சோபாவிலேயே படுத்தாள். கேட்டால், புதுப் பூச்சு, ஈரம் காயட்டும் என்றாள்.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். போனது போகட்டும், அந்த ஜன்னலையாவது படம் எடுக்கலாம் என்று மகன் அறைக் கதவைத் தள்ளினான். உள்ளே தாழ் போட்டிருந்தது. அம்மாவோ சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள யாரும்மா?"

"உன் பொண்டாட்டி. இத்தனை நாளா பாத்ரூம்ல வாளியைக் கவுத்துப் போட்டு, அது மேல உக்காந்து படிச்சா. இப்பதான் நாற்காலியில உக்காந்திருக்கா. தட்டாதே."

தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. குளிக்கப் போனவளின் துண்டு ஒரு நாளாவது நனைந்ததா என்று அவன் பார்த்ததே இல்லை. வெட்கமாகிவிட்டது. பத்திரிகைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினான். அட்டைப் படம் போனது. அதற்கப்புறம் வீடு பார்க்க வந்தவர்களிடம் வாசலிலேயே மெதுவாகப் பேசச் சொன்னான். காபியும் அவனே போட்டான்.

தேர்வு முடிவு வந்தது. மருமகள் நீதிபதி! அதுவும் முதல் இடம்.

குடை ஃபேக்டரியே திரண்டு மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. புதிதாகக் குடிவந்த அத்தனை வீட்டுக்காரர்களும், சாமான் ஏற்றுகிற அந்தப் பழைய லிஃப்டில் பிதுங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கொத்தனார் எல்லோருக்கும் முன்னால் நின்று, அந்தச் சுவர் தான் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பப்பட்ட அதே பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். இந்தத் தடவை அட்டைப் படம் மருமகளுக்கு. அந்த ஜன்னல் வெளிச்சத்தில், அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்து எடுத்தார்கள்.

படம் எடுத்து முடித்ததும் நிருபர் பெண் சுற்றிலும் பார்த்தாள். ஒரு சுவர்கூட இல்லாத வீட்டில் படிப்பதற்கென்று இப்படி ஓர் அறை கட்டத் தோன்றியது யாருக்கு என்று கேட்டாள்.

மகன் தரையைப் பார்த்தான். மருமகள் "எங்க அத்தை..." என்று வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"வேற யாரு, என் பிள்ளைதான். எதுக்குடா வெட்டிச் செலவுன்னு நான்கூடத் திட்டினேன். பொண்டாட்டி படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னு கட்டினான்."