வராத படம்

"இதுக்குப் பேரு வெப்சைட்டாம்மா? நிறமில்ல, படமில்ல. வெறும் எழுத்தாக் கொட்டிக் கிடக்கு."

மேலாளர் கசோஸிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு அடுத்தவருடையது என்றால் இன்னும் சீக்கிரம் வரும். அவர் கத்தியதில் கம்பாலா அலுவலகமே அடங்கிப்போனது.

அந்தப் பக்கத்தைச் செய்தவள் அடோங். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

நம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும்போது பைத்தான் புரோகிராம் படத்தையும் நிறத்தையும் தானே எடுத்துக் கொடுத்துவிடும். சர்வரில் ஏற்றிவிட்டால் கொடுக்காது. அந்த ஃபைல்களை நாம்தான் ஒரே இடத்தில் திரட்டிவைக்க வேண்டும். நேற்று அவள் அதை மறந்துவிட்டாள்.

"வீட்டுல அடிவாங்குற பொம்பளைங்களுக்கான பக்கம் இது. முகம் வீங்கின பொண்ணு படத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்து, பெருசா மேல வெச்சேன். எங்கம்மா அது?"

"இப்பவே சரி பண்ணிடறேன் ஸெபோ" என்றாள் அடோங். அந்த ஊரில் ஐயாவுக்கு ஸெபோ, அம்மாவுக்கு நியாபோ.

"பண்ணிக் கிழிச்ச. நபுகீரா அம்மாவே நேர்ல வர்றாங்களாம். யார் செஞ்ச வேலைன்னு கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

நபுகீரா, அந்தப் பெண்களுக்கு அடைக்கலம் தரும் இல்லத்தை நடத்துபவர். போடா என்கிற வாடகை பைக்கிலிருந்து இறங்கி நேரே உள்ளே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில ஒருத்தி நம்ம பக்கத்தைத் திறந்திருக்கா. புருஷன் பின்னாடியே வந்து போனைப் பிடுங்கிட்டான்."

அடோங் எழுந்து நின்றாள். தன் மறதியால் ஓர் உயிர் போய்விட்டதோ என்று பயந்தாள்.

"அவளுக்கு என்ன ஆச்சு நியாபோ?"

"அவனுக்குப் படிக்கத் தெரியாது. வெறும் எழுத்தைப் பார்த்துட்டு, 'என்னடி இது'ன்னு கேட்டிருக்கான். பையனோட பரீட்சை ரிசல்ட்டுன்னு சொல்லிட்டா. போனை வீசிட்டுப் போயிட்டான். அவன் அந்தப்பக்கம் போனதும் கிளம்பி எங்ககிட்ட வந்துட்டா."

நபுகீரா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் படம் மட்டும் தெரிஞ்சிருந்தா அங்கேயே கொன்னு போட்டிருப்பான். நானும் யோசிக்காமச் சரின்னுட்டேன். இனிமே அது வரவே கூடாது." நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "அதை அவ்வளவு பெருசா வைக்கலாம்னு சொன்னது யாரு?"

கசோஸிக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் சேர்ந்துதான் வெச்சோம் நியாபோ" என்றாள் அடோங்.