ஐம்பத்துமூன்று ஜூல்

இந்தப் பூமியில் விழுகிற எதுவும் மாமனின் கணக்குக்குத் தப்பி விழுந்ததில்லை.

நிறை, ஈர்ப்பு, உயரம். மூன்றையும் பெருக்கினால், விழுந்த பொருள் இழந்த ஆற்றல் கைக்கு வந்துவிடும். இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். மாடியிலிருந்து விழுந்த பூந்தொட்டிக்குக்கூடக் கணக்குப் போட்டிருக்கிறான். தட்டிவிட்டது யார் என்பதை மட்டும் சேர்க்கவில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்கு வாய்த்த அக்கா, குழந்தை விழுந்தால் தரையை அடிப்பவள்.

"எங்க குட்டியையா தள்ளிவிட்ட? இந்தா வாங்கிக்கோ!" என்று இரண்டு போடுவாள். குட்டி அழுகையை மறந்துவிட்டு வேடிக்கை பார்க்கும்.

மாமனுக்கு மானம் போகும்.

"அக்கா, பூமி எத்தனை கிலோ தெரியுமா? ஆறு போட்டு இருபத்துநாலு சைபர். அதைப் போய் அடிச்சுத் திருத்தப் பாக்குறியே!"

"சரிங்க விஞ்ஞானி. குளிச்சிட்டு வர்ற வரைக்கும் இவளைப் பாத்துக்கோ. அழுகைச் சத்தம் கேட்டுச்சு, இனிமே உன்னை நம்பி விடவே மாட்டேன்."

குளியலறைக் கதவு சாத்தியதும் குட்டி சோபாவில் ஏறியது. முதுகுச்சாய்வைப் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக, தானே எழுந்து நின்றது.

மாமனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கைதட்டினான்.

பதிலுக்குக் குட்டியும் கைதட்டியது. பிடியை விட்டுவிட்டு.

தொப்.

ஒன்பது கிலோ. இடுப்பு இறங்கிய உயரம் அறுபது சென்டிமீட்டர். ஐம்பத்துமூன்று ஜூல். ஒரு கரண்டித் தேநீரை ஒரு டிகிரிகூடச் சூடாக்காது. பயப்பட ஒன்றுமில்லை.

தரையில் உட்கார்ந்தபடி விழுந்திருந்த குட்டிக்கு இந்த விடை தெரியாது. கீழுதடு பிதுங்கியது. வாய் திறந்தது. சத்தம் வருவதற்கு முந்தைய அந்த நீண்ட மூச்சு.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மாமன் அக்கம்பக்கம் பார்த்தான். கையை ஓங்கித் தரையில் ஒன்று வைத்தான்.

ஆறு போட்டு இருபத்துநாலு சைபர் திருப்பி அடித்தது. கையை உதறிக்கொண்டு துள்ளினான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

குட்டி வாயை மூடியது. அவன் கையைப் பார்த்தது. தரையைப் பார்த்தது. தவழ்ந்து வந்து, அவன் அடித்த அதே இடத்தில் பட்டென்று ஒன்று போட்டது.

அவனுக்காக.

அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தபோது வீட்டில் அழுகை இல்லை. சிவந்த உள்ளங்கையைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டு, மாமன் குட்டியின் காதில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒண்ணு போடுடி தங்கம்."