பெர்க்மான்ஸின் ஒரே கோப்பை

கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தாக்குதல் பயிற்சியாளராக விண்ணப்பித்திருந்த பெர்க்மான்ஸ் பயிற்சி கொடுத்த பதினான்கு வருட ஆட்டங்களை, ஆட்களை மதிப்பிடக் கல்லூரி வாங்கியிருந்த இயந்திரம் ஒரே நிமிடத்தில் பார்த்து முடித்தது.

"உங்க பயிற்சியில பசங்க போட்ட கோலெல்லாம் நீங்க இல்லாமலும் விழுந்திருக்குமாம்," என்றார் கல்லூரி முதல்வர். "ஒரே ஒரு கோப்பைதான் உங்களால வந்திருக்கு. முட்டி பிசகின அஜினை இறுதி ஆட்டத்துல மறுபடி இறக்கினீங்களே, அது."

பெர்க்மான்ஸ் குறுக்கிட்டார். "அவன் இன்னைக்கும் கம்பு ஊனித்தான் நடக்கான், சார்."

"அது மதிப்பெண்ல வராது. எங்களுக்கு அந்தத் துணிச்சல்தான் வேணும்."

இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்த பெர்க்மான்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை மைதானத்தில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். யாருக்காவது வலி இருக்கிறதா என்ற கேள்வியை, அஜினுக்குப் பிறகு வேலையில் இருந்தவரை தினமும் கேட்டுவந்தவர், அன்று கேட்கவில்லை.